களஞ்சியத்தில் வைத்த வாங்கு

1. கழற்றப் போன நாள்

ட்ரில்லோடு நான் போனபோது கொலின் அந்த வாங்கில்தான் இருந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பை. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ நாதன். உங்களுக்கு வேலை வைச்சிட்டன்."

வாங்கு அவருடையது. கழற்ற வந்தவன் நான். மன்னிப்புக் கேட்டது அவர். ஆங்கிலேயர் அப்படித்தான். கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு மற்றப் பக்கத்தையும் பிடித்துத் தந்தார்.

வாங்கு என்று எங்கள் ஆட்கள் சொல்வது பெஞ்சை. இது பச்சை அடித்த மரவாங்கு. இதில் எங்கள் ஆட்கள் என்றால் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்து இருக்கலாம். டென்மார்க்கில் இரண்டு பேர் இருக்கலாம்.

நான் ஹ்விடோவ்ரே என்ற ஊரில் ஒரு குடியிருப்பில் விசெவேர்ட். கட்டடம் பார்க்கிற வேலை. குழாய் அடைத்தால் நான். ரேடியேட்டர் சூடாகாவிட்டால் நான். பனி கொட்டினால் உப்புப் போடுவதும் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எங்கள் பிள்ளைகள் என்னிடம் குழாயைப் பற்றிக் கேட்கிறார்கள். குழாய் லேசு. இந்த வாங்கு எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அதனால் அதைச் சொல்கிறேன்.

2. எக்ஸ்பாட்

எங்கள் குடியிருப்பில் இருக்கிற கொலினின் மனைவி மெட்டே டேனிஷ்காரி. ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்காகத்தான் அவர் இங்கே வந்தார். இங்கிலாந்துக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்தார். பகல் முழுக்கத் தனி.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்குப் பெயர் இன்வாண்ட்ரர். குடியேறி. முப்பது வருடம் தாண்டியும் அதே பெயர்தான். என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அவர்களுக்கும் அதில் பங்கு கொடுத்திருக்கிறார்கள். கொலின் வந்தபோது அவருக்குப் பெயர் எக்ஸ்பாட். வெளிநாட்டில் வாழ்கிறவர். எனக்கு டேனிஷ் தெரியாதபோது வகுப்புக்கு வராவிட்டால் உதவிக் காசை வெட்டுவோம் என்றார்கள். கொலினுக்குத் தெரியாதபோது எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். உங்கள் ஆங்கிலம் நல்லாயிருக்கு என்று அவர் சொல்லும்வரை நின்றார்கள்.

அது கடையிலும் அலுவலகத்திலும். எங்கள் படிக்கட்டில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை, எந்த மொழியிலும். ஒரு விசெவேர்ட்டுக்கு இது காதால் தெரியும். நான் படி கூட்டும்போது ஒரு கதவுக்குள் பூட்டில் திறப்பு திருகுகிற சத்தம் கேட்கும். மேலே யாரோ இறங்கி வருவார்கள். உள்ளே சத்தம் நின்றுவிடும். இறங்கியவர் வெளியே போய்க் கதவு அடித்த பிறகு மறுபடி திறப்புச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் உள்ளே நின்றவர் வெளியே வருவார். இது கோபமில்லை. மரியாதை.

கொலினுக்கு இது தெரியாது. காண்கிற எல்லாருக்கும் "நல்ல காலை" என்பார். மழையிலும் சொல்வார்.

மூன்றாம் மாடி இங்கர் ஒருநாள் என்னைப் பிடித்தாள். ஓய்வு பெற்ற மனுசி. தனியாக இருக்கிறவள். டேனிஷில் பெரியவர் சின்னவர் எல்லாரையும் விளிக்க ஒரே சொல்தான், அதை நான் நீர் என்று எழுதுகிறேன்.

"நாதன், அந்த இங்கிலீசுக்காரனுக்கு என்னட்ட என்ன வேணும்?"

"என்ன கேட்டவர்?"

"ஒண்டும் கேக்கேல்லை. காலை நல்லாயிருக்காம்."

"அதைத்தான் சொன்னவர்."

"அது விளங்குது. ஏன் சொன்னவர்?"



கொலின் என்னைக் கேட்டார், "நாதன், இங்க ஆக்கள் கதைக்கிறேல்லை. நீங்கள் எப்பிடிப் பழகினியள்?"

"கதைக்க ஒண்டும் இல்லாட்டி ஏன் கதைப்பான்?" என்றேன்.

சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

வசந்தத்தில் வாங்கை வைத்தார். எங்கோ பழையதாக வாங்கி, பச்சை அடித்து, வாசல் அப்பிள் மரத்துக்குக் கீழே காற்றுக்கு விழாமல் கல்லோடு பூட்டினார். யாரையும் கேட்கவில்லை. அது பொது நிலம். காலையில் தேத்தண்ணியோடு அதில் இருப்பார். முதலில் ஒருவரும் கிட்டப் போகவில்லை. பிறகு ஒருநாள் இங்கர் கடையால் வந்து, வாங்கின் மற்றக் கரையில் தன் பையை வைத்தாள். அவள் இருக்கவில்லை. பை இருந்தது. அவள் பக்கத்தில் நின்றாள். பை களைத்துப் போச்சு என்பது போல நின்றாள். அதற்குப் பிறகு அது தினமும் நடந்தது. பை வைத்த நேரத்தில் இரண்டொரு வார்த்தையும் வந்தது.

வீட்டில் என் மனிசியிடம் சொன்னேன்.

"வெள்ளைக்காரன் வாங்கு வைச்சால் தோட்டம்," என்றாள். "நாங்கள் ரெண்டு கதிரை போட்டு இருந்தால், கூட்டம் கூடுறம் எண்டு கொம்யூனுக்கு ரெலிபோன் போகும்." கொம்யூன் என்பது நகரசபை.

பிறகு மெட்டே என் வேர்க்சொப்புக்கு வந்தாள். ரேடியேட்டர் என்று சொல்லி வந்தாள். ரேடியேட்டரில் பிழையில்லை.

"நாதன், வாங்கைப் பற்றி நிர்வாகத்துக்கு முறைப்பாடு போயிருக்கு. தெரியுமோ?"

"ஓம்."

"அவர் பனி மாரி முழுக்க இங்கிலாந்துக்கு விமான ரிக்கற் பார்த்துக்கொண்டிருந்தவர். போற ரிக்கற் மட்டும். வாங்கு வைச்ச பிறகு பாக்கிறேல்லை." போகத் திரும்பினாள். "என்ர அம்மா இங்க. வேலை இங்க. என்னால போகேலாது."

"ரேடியேட்டரைப் பாக்கிறன்," என்றேன்.



3. கூட்டம்

முறைப்பாட்டில் வாங்கு அசிங்கம் என்று இல்லை. இடைஞ்சல் என்றும் இல்லை. ஒருவர் வைத்தால் எல்லாரும் வைப்பார்கள் என்று இருந்தது. இதற்குப் பெயர் கொள்கை. நிர்வாகத் தலைவர் ஹென்ரிக் நல்ல மனுசன். அவருக்கு வாங்கில் கோபமில்லை. ஆனால் முறைப்பாடு வந்தால் கூட்டம் வைக்க வேண்டும். கூட்டம் வைத்தால் கை தூக்க வேண்டும்.

கூட்டத்தின் மொழி டேனிஷ். அதுவும் விதி. ஹென்ரிக் என்னைப் பார்த்தார்.

"நாதன், நீர் கொலினுக்கு மொழிபெயர்த்துவிடும். நீங்கள் ரெண்டு பேரும் வெளியில இருந்து வந்தனீங்கள்தானே."

நான் ஊரில் எட்டாம் வகுப்பு. அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் என்னை விட ஆங்கிலம் தெரியும். ஹென்ரிக் ஆங்கிலத்தில் பாடம் எடுக்கிற வாத்தியார். பரவாயில்லை. போய்க் கொலினுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஹென்ரிக் நெடுநேரம் பேசினார். பொது நிலம், சமத்துவம், முன்மாதிரி, எதிர்காலத்தில் வரக்கூடிய வாங்குகள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கொலினுக்குச் சொன்னேன், "வாங்கு வேண்டாமாம்."

கொலின் எழும்பி எல்லாருக்கும் நன்றி சொன்னார். உங்கள் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது என்றார். தொந்தரவு தர எனக்கு விருப்பமே இல்லை என்றார். ஒருவேளை, உங்களுக்கு வசதிப்பட்டால், அவசரம் ஒன்றுமில்லை, ஏதாவது வழி இருக்குமோ என்று யோசிக்கலாமோ என்று யோசித்தேன் என்றார். முகம் சிவந்திருந்தது. இருந்தார்.

டேனிஷில் சொன்னேன், "அவருக்கு வாங்கு வேணுமாம்."

மண்டபம் அசந்துபோனது. ஆங்கிலம் தெரிந்த அத்தனை பேருக்கும் அப்போதுதான் அது விளங்கியது. தொந்தரவு வேண்டாம் என்று சொன்னதால், அவரே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள்.

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாமே," என்றார் ஹென்ரிக்.

எங்கள் ஆட்களும் இப்படித்தான். பசியோடு ஒரு வீட்டுக்குப் போவோம். சாப்பிடுங்கோ என்றால், இப்பதான் சாப்பிட்டு வந்தனாங்கள் என்போம். வீட்டுக்காரர் விடமாட்டார் என்று தெரியும். டென்மார்க்கில் விட்டுவிடுவார்கள். வந்த புதிதில் நான் பல வீட்டில் பசியோடு இருந்திருக்கிறேன்.

கை தூக்கினார்கள். வாங்கு தோற்றது. இங்கரும் எதிர்த்துத்தான் தூக்கினாள். பொது நிலத்தில் இருந்து அகற்றி, உரிமையாளர் எடுத்துப் போகும்வரை களஞ்சியத்தில் வைப்பது என்று முடிவு. பிறகு கோப்பியும் கேக்கும் வந்தன. எதிர்த்துக் கை தூக்கியவர் ஒருவரே முதல் துண்டை வெட்டிக் கொலினுக்குக் கொடுத்தார். கொலின் நன்றி சொன்னார்.

மனிசி கேட்டுவிட்டு, "அப்ப சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்," என்றாள். கொஞ்சம் திருப்திப்பட்டாள். பிறகு, "பாவம்," என்றாள்.

4. களஞ்சியம்

அப்படித்தான் நான் ட்ரில்லோடு போனேன். கொலின் ஒரு கரை, நான் ஒரு கரை. வேர்க்சொப்புக்குப் பின்னால் திறந்தவெளிக் களஞ்சிய வளவுக்குத் தூக்கிப் போனோம். அங்கே உப்பு மூட்டை, பனி அள்ளும் சவள், ஆட்கள் விட்டுப்போன சைக்கிள்கள். வழி முழுக்க அவர் யாருக்கும் நல்ல காலை சொல்லவில்லை.  எனக்கு அது சரியாகப் படவில்லை.

வாங்கைச் சுவரோடு வைத்தேன். வெயில் படுகிற பக்கம். மரம் நனைந்தால் காய வேண்டும்.

"உங்களுக்கு இது இடைஞ்சல் இல்லையோ?" என்று கேட்டார்.

"நீங்கள் எடுக்கும்வரைக்கும் வைக்கச் சொல்லித்தான் முடிவு. எப்ப எடுக்கிறியள்?"

"எனக்கு வீட்டில இடமில்லை."

"அப்ப இருக்கட்டும். வந்து பாருங்கோ. உங்கட சாமான்."

ஒரு கிழமை வரவில்லை. மெட்டேயைப் படிக்கட்டில் கண்டேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு விளங்கியது. மறுபடி ரிக்கற் பார்க்கிறார்.

கதவைத் தட்டினேன். "கொலின், உங்கட வாங்கை வந்து பாக்க வேணும்."

"ஏன், உடைஞ்சு போச்சோ?"

"தெரியாது. அதுக்குத்தான் பாக்கச் சொல்லுறன்."

வந்தார். சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு."

"இருந்து பார்த்தால்தான் தெரியும்," என்றேன்.

என்னைப் பார்த்தார். இருந்தார். நான் சவளைத் துடைத்தேன். அடுத்த நாள் கோப்பையோடு வந்து இருந்து பார்த்தார். அதற்கு அடுத்த நாளும்.

பிறகு இங்கர் வந்தாள். பையோடு.

"நாதன், நான் இப்ப பையை எங்க வைக்கிறது?"

"நீர் எதிர்த்தெல்லோ கை தூக்கினீர்."

"அது கொள்கை," என்றாள். "இது பை."

வாங்கின் மற்றக் கரையில் வைத்தாள். பக்கத்தில் நின்றாள். கொலின், நல்ல காலை என்றார்.

"மழை வரப்போகுது," என்றாள்.

"ஓம், வரப்போகுது," என்றார் கொலின். பெரிய சந்தோசம் முகத்தில்.

மழை வருமுன் பையைக் கீழே இறக்கிவிட்டு அவள் இருந்தாள்.

5. வாங்குக் குழு

இதற்கிடையில் வாசல் வெறுமையாக இருக்கிறது என்று பலருக்குப் பட்டது. யார் யார் எதிர்த்துக் கை தூக்கினார்களோ, அவர்களுக்குத்தான் இன்னும் கூடுதலாகப் பட்டது. நிர்வாகம் ஒரு வாங்குக் குழு போட்டது. கொலினையும் சேர்த்தார்கள். சர்வதேச அனுபவம் உள்ளவர் என்றார்கள். எனக்கும் சர்வதேச அனுபவம் உண்டு, மூன்று நாடு தாண்டித்தான் வந்தேன். கேட்கவில்லை.

குழு மாரி வரைக்கும் கூடியது. கீழ்வீட்டுக்காரர் தங்கள் ஜன்னலைப் பார்க்கக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம் என்றார்கள். கார் பார்க்கில் புகை. எல்லாருக்கும் சம்மதமான இடம் ஒன்றுதான் இருந்தது. அதில் இரும்பு வாங்கு ஒன்றை நான் கொங்கிறீற் போட்டுப் பதித்தேன். அது குப்பை அறைச் சுவரைப் பார்த்து நிற்கிறது. கை தட்டினார்கள். இன்றுவரை அதில் இருந்த ஆளை நான் காணவில்லை. ஒரு காகம் இருக்கும்.

அடுத்த நாள் ஹென்ரிக் களஞ்சிய வளவுக்கு வந்தார். கொலினும் இங்கரும் வாங்கில் இருந்தார்கள். இங்கர் பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்திருந்தாள்.

"நாதன், இது என்ன?"

"களஞ்சியம்."

"இதில ஆக்கள் இருக்கினம்."

"ஓம். உரிமையாளர் சாமானைப் பாக்க வந்தவர்."

"இங்கர்?"

"நான் பை வைக்க வந்தனான்," என்றாள் இங்கர்.

ஹென்ரிக் நெற்றியைத் தடவினார். பொல்லாத மனுசன் இல்லை. ஒழுங்கான மனுசன். "இதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேணும்," என்றார்.

கொலின் எழும்பப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் தலையை ஆட்டினேன். இருந்தார்.

"ஹென்ரிக்," என்றாள் இங்கர், "நீர் கூட்டத்தில கேட்டால் நாங்கள் எதிர்த்துத்தான் கை தூக்க வேண்டி வரும். நானும் தூக்குவன். கேக்காதையும்."

ஹென்ரிக் யோசித்தார். அவர் யோசிக்கும் நேரத்தில் இங்கர் பிளாஸ்கைத் திறந்தாள். மூன்றாவது கோப்பை ஒன்று அவள் பைக்குள் இருந்தது. வாங்கில் மூன்று பேர் இருந்தார்கள். டென்மார்க்கில் அதை நான் அன்றுதான் கண்டேன்.

6. படித்தது

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கொலின் இங்கிலாந்து போனார். மெட்டே மறுபடி ரேடியேட்டர் என்று வந்தாள்.

"போக வர ரிக்கற்," என்றாள்.  இந்த முறையும் ரேடியேட்டரில் பிழையில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். இந்த நாட்டில் எதையும் கேட்டுச் செய்ய வேண்டும். அது நல்ல பழக்கம், பழகுங்கள். ஆனால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டிவரும் என்று ஆட்கள் தாங்களே பயப்படுகிற கேள்வியும் உண்டு. அதை அவர்களிடம் கேட்டு அவர்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம். சாமானைக் களஞ்சியத்தில் வையுங்கள். வெயில் படுகிற பக்கம் வையுங்கள்.

கொலின் இன்னும் வாங்கை எடுத்துப் போகவில்லை. மழைக்கு மேலே ஒரு தகரம் போட்டிருக்கிறேன். அதுவும் களஞ்சியச் சாமான்தான்.