ஐஸ் பெட்டிக்குள் புதைத்த மருந்து

"…அப்ப, மீன் போடுற ஐஸுக்குள்ளேயா இந்த மருந்தை வச்சனீங்கள், அக்கா?" என்று கிளினிக்கில் தாதியாக இருக்கும் மிஸ்ஸி கேட்டார்.

"ஓம் மிஸ்ஸி. பழுதாகாமல் இருக்கட்டும் எண்டுதான்."

"உறைஞ்ச இன்சுலின் வேலை செய்யாது அக்கா. இவ்வளவு நாளும் நீங்கள் ஐயாவுக்குத் தண்ணியைத்தான் ஏத்தியிருக்கிறீங்கள்."

சகோதரங்களே, அந்த ஒரு கேள்விக்காக நான் எப்படிக் காத்திருந்தேன் என்பதைத்தான் இன்றைக்குச் சாட்சியாகச் சொல்ல வந்தேன்.

என் மனிசன் கடலுக்குப் போகிறவர். கப்பல்துறையில் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. சீனி வருத்தம் கூடி, போன வருடம் இவரை ஊசி மருந்துக்கு மாற்றினார்கள். மருந்து தந்தவர் யன்னலுக்குள் இருந்து, "குளிரில வையுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. எங்களுக்குக் குளிர் என்றால் ஐஸ்தான். பிடித்த மீனைக் கெடாமல் கரை சேர்ப்பது அதுதானே. மீன் கொண்டுவரும் வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஐஸை நொறுக்கிப் போட்டு, பாரை மீனுக்குப் பக்கத்தில் பத்திரமாகப் புதைத்து வைத்தோம்.

சீனி இறங்கவில்லை. காலில் முள் கீறிய புண்ணும் ஆறவில்லை. கிளினிக் நாளில் விடியமுதல் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவோம். காத்திருக்கும் வாங்கில் பக்கத்தில் இருக்கும், கிண்ணியாவிலிருந்து வரும் ராத்தா சொல்வார்: "இஞ்ச வாறதுக்கு நோன்பும் பிடிக்கணும், ஹஜ்ஜுக்குப் போற பொறுமையும் வேணும் புள்ள." சிரிப்போம். சிரிக்காவிட்டால் அழ வேண்டும். உள்ளே போனால் டொக்டர் இவருடைய முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். "இனிப்புத் திண்டிருக்கிறீர், என்ன? வாயைக் கட்ட ஏலாதோ?" என்று ஏசிவிட்டு ஊசியின் அளவைக் கூட்டி எழுதுவார். சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிற மனிசனுக்கு இந்தப் பேச்சு.

புண் வந்த காலில் சின்ன விரலை எடுத்தார்கள். இப்படியே போனால் பாதத்தையும் எடுக்க வேண்டி வரும் என்றார்கள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். "இனி என்னைக் கரையில இழுத்துவிட்ட ஓட்டைத் தோணி எண்டு நினை" என்றார்.

நான் கோயிலுக்குப் போய் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "ஆண்டவரே, ஆஸ்பத்திரி இருக்கு, மருந்து இருக்கு, டொக்டர் இருக்கிறார். எங்கட கதையைக் கேக்கத்தான் ஆள் இல்லை. அப்பிடி ஒரு ஆளைத் தாரும்." இதைத்தான் கேட்டேன்.

அடுத்த கிளினிக்கில் அந்த மிஸ்ஸி புதிதாக வந்திருந்தார். இவருடைய காலைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் இருந்தார். "ஊசி ஆர் போடுறது? மருந்தை எங்க வைக்கிறனீங்கள்?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

அவர் சொன்னபடி இப்போது மருந்து நிழலில், ஈரமணலில் பதித்த மண்சட்டிக்குள் இருக்கிறது. சீனி இறங்கியது. புண் மூடியது. இவர் திரும்பவும் கடலுக்குப் போகிறார். ஆண்டவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

ஆனால் என் கோபம் ஆறவில்லை. இலவச வைத்தியம் என்று நாடே பெருமை பேசுகிறது. பேசட்டும். மருந்து இல்லையென்றால் டொலர் இல்லை, கப்பல் வரவில்லை என்பார்கள்; ஒரு கேள்வி கேட்கவும் டொலர் வேண்டுமா, அதுவும் கப்பலில் வர வேண்டுமா? அந்தக் கேள்வி முதல் நாளே வந்திருந்தால் என் மனிசனின் விரல் இன்றைக்கும் காலில் இருந்திருக்கும். முன்பெல்லாம் வாங்கில் வாய்மூடி இருந்தவள் நான். இப்போது விளங்காததை விளங்கும்வரை கேட்டுவிட்டுத்தான் எழும்புகிறேன். நீங்களும் ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அழுகை வராவிட்டால் கோபத்தோடு கேளுங்கள், அவர் முகம் திருப்பமாட்டார்.

அன்றைக்கு மிஸ்ஸி அதோடு விடவில்லை. எழும்பி வெளியே வந்து, வாங்குகளுக்கு முன்னால் நின்றார். "இன்சுலினை ஐஸுக்குள்ள வைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

திரியாய் ஊர் ஆட்கள், புல்மோட்டை ஊர் ஆட்கள் என்று ஒவ்வொரு கையாக எழுந்தது. கிண்ணியா ராத்தாவும் உயர்த்தினார்.

"ஒருத்தரும் இறக்காதீங்கோ" என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி உள்ளே போய், டொக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.