பந்து தொடாதவனுக்கு விழுந்த மாலை

நாங்கள் கனடாவுக்கு வந்து மல்வேர்ன் என்ற இடத்தில் இருந்த காலம். அண்ணா பொறியியல் படிக்கத்தான் பல்கலைக்கழகம் போகிறார் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர் சேர்ட்டைக் கழற்றியபோது முதுகு நீலம் பாரித்திருந்ததை அம்மா கண்டுவிட்டார். அப்போதுதான் புட்போல் விஷயம் வெளியே வந்தது. காலால் உதைக்கிற விளையாட்டு என்றால் அப்பா பொறுத்திருப்பார். இது தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளின் மேல் ஆள் விழுகிற கனேடியப் புட்போல். குண்டு விழுகிற நாட்டிலிருந்து முழுசாகக் கொண்டுவந்து சேர்த்த பிள்ளை, இங்கே விரும்பிப் போய் அடி வாங்குகிறானே என்று அம்மா அழுதார்.

அண்ணா கெட்டிக்காரர். வருகிற சனிக்கிழமை நடக்கப்போவது ‘பிக் மட்ச்’ என்று அப்பாவிடம் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அப்பா படித்த கல்லூரிக்கு ஒரு பரம எதிரிக் கல்லூரி இருந்தது. இரண்டுக்கும் வருடாவருடம் நடக்கிற கிரிக்கெட் ஆட்டத்துக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே அப்பாவுக்கு வயது குறைந்துவிடும்.

“வந்து பாக்கிறன். பாத்திட்டுத்தான் நீ விளையாடுறதோ விடுறதோ எண்டு சொல்லுவன்,” என்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது. சனிக்கிழமை காலை அண்ணா வாசலில் கிடந்த சப்பாத்துகளை வரிசையாக வைத்து எனக்கு ஆட்டத்தை விளக்கினார். அப்பாவின் சப்பாத்து, பந்தை எறிகிறவன். அம்மாவின் செருப்பு, அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற அண்ணா. எதிர்ப்பக்கத்தில் பின்னுக்கு நிற்க வேண்டியவர்களும் தங்கள் இடத்தை விட்டுவிட்டு எறிகிறவன் மேல் பாய்ந்தால் அதற்குப் பிளிட்ஸ் என்று பெயர். அப்படிப் பாய்கிறவனை மறிப்பது அண்ணாவின் வேலை.

“ஆனா இண்டைக்கு வேற பிளான். அவங்கள் பாஞ்சு வந்தா, விட்டிட்டு வந்த இடம் வெறுமையாக் கிடக்கும். நான் மறிக்கிற மாதிரி நிண்டிட்டு அங்க ஓடுவன். பந்து என்னட்ட வரும். அப்பா பாப்பார்,” என்றார்.

மைதானத்தில் கார்த்திகைக் குளிர் எலும்பைத் துளைத்தது. அப்பா கோட்டுப் போட்டு டை கட்டி வந்திருந்தார். அம்மா எங்களுக்குச் சாப்பிடப் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணா விழும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டார். அண்ணா அடிக்கடி விழுந்தார். எதிரிகள் பாய்ந்து வருவதும், அண்ணா குறுக்கே போய் முட்டுப்படுவதும், எறிகிறவன் வேறு யாருக்கோ பந்தைப் போடுவதுமாகப் பொழுது போனது. எறிகிறவன் செம்பட்டை முடிக்காரன்.

“எங்கட பெடியனை வாசல்காவலுக்கு வச்சிருக்கிறாங்கள். பந்தைக் கண்ணிலயும் காட்டுறாங்களில்லை,” என்று அப்பா முணுமுணுத்தார். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை.

கடைசி நிமிடத்தில் எங்கள் பக்கம் சில புள்ளிகள் பின்னால் நின்றது. எதிரிகள் மொத்தமாகப் பாய்ந்தார்கள். சப்பாத்துப் பாடம் எனக்கு ஞாபகம் இருந்தது. அண்ணா ஒருவனை முட்டுகிற மாதிரிக் காட்டிவிட்டு, வெறுமையாகக் கிடந்த பக்கத்துக்குக் கிளம்பினார். செம்பட்டைக்காரன் அவர் பக்கம் திரும்பிக் கையை ஓங்கியும் விட்டான். அந்த நேரம் பார்த்து அவன் முதுகுப்பக்கமாக எதிரிகளில் இன்னொருவன் பாய்ந்து வந்தான். அண்ணா நின்றார், திரும்பி ஓடிவந்தார், வந்தவனோடு மோதி இரண்டு பேருமாக விழுந்தார்கள். பந்து தூரத்தில் வேறொருவன் கைக்குப் போனது. அவன் எல்லைக் கோட்டைத் தாண்டினான். நாங்கள் வென்றுவிட்டோம்.

மாமா பையிலிருந்து ஒரு பூமாலையை எடுத்தார். ஊரில் பிக் மட்சில் ஒருவன் ஐம்பது ஓட்டம் எடுத்தால் ஆட்கள் மைதானத்துக்குள் ஓடிப்போய் மாலை போடுவார்கள். மருமகனுக்கென்று கட்டுவித்துக் கொண்டுவந்த மாலை. மருமகன்தான் ஒன்றும் எடுக்கவில்லையே. கொண்டுவந்ததை வீணாக்க மனமில்லாமல் மாமா வேலி பாய்ந்து ஓடிப்போய்ச் செம்பட்டைக்காரனின் கழுத்தில் போட்டார். அவன் சிரித்துக்கொண்டே மாலையைக் கழற்றினான். புல்லில் தோளைப் பிடித்தபடி இருந்த அண்ணாவிடம் நடந்துபோய் அவர் கழுத்தில் போட்டான்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. “பாத்தியே, எங்கட மாலை வேண்டாமெண்டு திருப்பித் தாறான்.”

வீடு திரும்பும்போது காரில் அப்பா தீர்ப்புச் சொன்னார். “பந்தே குடுக்காதவங்களுக்காக ஏன் தம்பி எலும்பை உடைக்கிறாய்? போதும். படிப்பைப் பார்.”

அண்ணா விளக்கம் சொல்லுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் “ஓம் அப்பா” என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேல்தான் கோபம்.

“நீங்கள் ஏன் திரும்பி வந்தனீங்கள்? பந்து உங்களிட்டத்தானே வந்திருக்கும்?” என்று காதுக்குள் கேட்டேன்.

“ஓம், வந்திருக்கும். எறிஞ்சவன்தான் முதுகு முறிஞ்சிருப்பான்,” என்றார்.

காலையில் எனக்கு அவ்வளவு விளக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தானே பாடத்தை மறந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அப்பா பார்க்க வந்தது நடந்திருக்கும், அடுத்த வருடமும் அவர் விளையாடியிருப்பார். அது என்னைவிட அண்ணாவுக்கு நன்றாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.