கஞ்சி போகாத காற்றுப் பை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. திருச்சி ஏரோடிரோமில் பாதி குமாஸ்தா, பாதி காவலாளியாக இருந்த நாளில், விமானம் வராத நேரம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஆடு மாடு விரட்டுவேன், முள்வேலியைச் சுற்றி வருவேன், கம்பத்து உச்சியில் தொங்கும் காற்றுப் பையை அண்ணாந்து பார்ப்பேன். இரு முனையும் திறந்த நீளத் துணிக்குழாய் அது. காற்று போகும் பக்கம் உப்பி நீளும். மேலே வட்டமடிக்கும் விமானி அதைப் பார்த்துத்தான் எதிர்க்காற்றில் இறங்குவார். தப்பித்தவறிக் காற்று முதுகில் தள்ளும்படி இறங்கினால் விமானம் லேசில் நிற்காது.

அந்த வருஷம் ஆடிக் காற்று பையை நார் நாராகக் கிழித்துவிட்டது. சென்னையிலிருந்து புதுசு வர ஒரு மாதமாகுமாம். ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டிருக்க நான் பிறக்கவில்லை. உறையூரில் எங்கள் தெருத் தறியிலேயே கெட்டித் துணி வாங்கினேன். என் மனைவி தைத்து முடித்து, வழக்கம்போல ஓரத்தில் மஞ்சள் தடவினாள்.

"கஞ்சி நிறைய இருக்குங்க. ஒரு தண்ணி அலசிடட்டுமா?"

"தீபாவளிக்குப் புதுசை நனைச்சா கட்டிக்கிறோம்? அப்படியே குடு."

மொடமொடப்பாக அதைக் கம்பத்தில் ஏற்றியபோது எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் மதியம் சென்னையிலிருந்து ஒரு சின்ன விமானம் வந்தது. விமானி மட்டும்தான் உள்ளே. ஒரு வட்டம் அடித்துவிட்டு மேற்கேயிருந்து இறங்கினார். சக்கரம் தரையைத் தொட்டும் வேகம் குறையவில்லை. ஓடுதளம் முடிந்தது. வேலியைப் பிய்த்துக்கொண்டு கடலைக் கொல்லைக்குள் பாய்ந்து, வரப்பில் மூக்கைக் குத்தி நின்றது. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். கிட்டத்தட்ட என் வயதுக்காரர். நெற்றியில் ரத்தம். கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டேன்.

"காத்தே இல்லைங்களே! அந்தப் பை தொங்கிட்டுத்தானே இருந்தது?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மேற்கேயிருந்து வீசிய காற்றில் என் வேட்டி படபடத்தது. பை மட்டும் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி! அந்த விறைப்பில் காற்று உள்ளேயே புகவில்லை.

விசாரிக்க அதிகாரி இரண்டு நாளில் வருவதாகத் தந்தி வந்தது. அன்று சாயங்காலமே பையை இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தண்ணீரில் அலசினேன். அடுத்த விமானத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மீதி பயம். அவள் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள்.

அதிகாரி வந்த அன்று, தைத்ததில் மிஞ்சிய துணித்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கஞ்சி போகாத துண்டு. காட்டினால் என் வேலை போகும், விமானி தப்பிப்பார். காட்டிவிடுவது என்றுதான் புறப்பட்டேன். வழியில் தென்னூர் தாண்டும்வரை அந்த உறுதி இருந்தது.

அதிகாரி கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். பை கும்மென்று உப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தக் காத்துக்கே இப்படிப் பறக்குது. இதைப் பார்த்தா காத்து இல்லைன்னு நினைச்சீங்க?"

விமானி பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. "நான் சரியாப் பார்க்கலை போலிருக்கு, சார்" என்றார். லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டார் அதிகாரி. நான் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றேன்.

ஜங்ஷனுக்கு விமானியின் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ரயில் கிளம்பும் முன் கேட்டார்: "நீங்க கீழேதானே இருந்தீங்க. அன்னிக்கு அது தொங்கலையா?"

என் விரல்கள் சட்டைப்பையில் இருந்தன. துண்டு மொடமொடத்தது.

"கவனிக்கலைங்க."

"அப்போ என் கண்ணுலதான் கோளாறு. நல்லவேளை, யாரையும் கூட ஏத்திட்டு வரலை" என்று சொல்லி, கொல்லையிலிருந்து தூக்கிவிட்டதற்காக என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அந்தத் தீபாவளிக்கு என் மனைவி புது வேட்டியில் மஞ்சள் தடவினாள். பிறகு என்னைக் கேட்காமலே அதைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, என்னிடம் நீட்டினாள். நான் ஈரத்தோடு கட்டிக்கொண்டேன்.