மாத்திரைக்கு முன்னால் வந்த மெசேஜ்

எனக்கு வலிப்பு உண்டு என்பது என் கணவருக்குத் தெரியாது. கல்யாணம் பேசும்போது அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள். "மாத்திரை போட்டா வரவே போறதில்ல. பொறவு எதுக்கு அதப் பேசிக்கிட்டு?" அவள் சொன்னது பொய்யும் இல்லை. கல்லூரிக்குப் போனதற்குப் பிறகு எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பிட்டபின் ஒன்று. தைராய்டுக்கு என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

அம்மா ரெட்டியார்சத்திரம் பக்கம் இருக்கிறாள். மதுரைக்குப் போய் மாத்திரை வாங்கி, என்னைப் பார்க்க வரும்போது பையில் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். திண்டுக்கல்லில் நான் வாங்க முடியாது. என் நாத்தனாரின் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். டவுனில் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் நிற்பார். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதும், மாத்திரை வந்துகொண்டிருந்த வழி நின்றுபோனது.

நான் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் வேலை பார்க்கிறேன். அங்கே உடன் வேலை செய்பவள் ஒருத்தி, தன் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை போனிலேயே வாங்குவதாக ஒருநாள் சொன்னாள். டாக்டரே போனில் பேசி சீட்டு எழுதித் தருவாராம். அன்றைக்கே அந்த ஆப்பை என் போனில் ஏற்றினேன். பழைய சீட்டைப் படம் பிடித்துப் போட்டேன். டெலிவரிக்குப் பள்ளி விலாசம் கொடுத்தேன்.

ஒரே ஒரு பயம்தான் இருந்தது. என் சம்பளம் விழும் வங்கிக் கணக்கில் இருப்பது என் கணவரின் போன் நம்பர். கல்யாணமான புதிதில் அவர்தான் கூட வந்து கணக்குத் தொடங்கினார். ஒரு ரூபாய் போனாலும் மெசேஜ் அவருக்குத்தான் போகும். அதனால் பணம் எப்போது எடுப்பார்கள் என்று ஆப்பில் தேடிப் படித்தேன். டாக்டர் பேசி, சீட்டு எழுதி, கடையில் மருந்து எடுத்துவைத்த பிறகுதான் பணம் எடுக்கப்படும் என்று இருந்தது. சரி, டாக்டர் சாயங்காலம் பேசட்டும், என் கணவர் வீட்டுக்கு வந்து குளிக்கப் போகும்போது அவர் போனுக்கு மெசேஜ் வரும், அழித்துவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டேன். சாயங்காலம் பேசும்படி நேரமும் குறித்தேன். மத்தியானம், ஆபீசில் உட்கார்ந்தபடியே கார்டு நம்பரைப் போட்டு, ஓடிபி அவர் போனுக்குப் போகாமல் இருக்க ஏடிஎம் பின் நம்பர் போடும் வழியைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தேன்.

கீழே இன்னொரு வரி இருந்திருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. பணத்தை எடுப்பதுதான் கடைசியில். ஆனால் ஆர்டர் கொடுத்த நிமிஷமே அந்தத் தொகையைக் கணக்கில் நிறுத்திவைத்துவிடுவார்கள். நிறுத்திவைத்தாலும் வங்கி மெசேஜ் அனுப்பும்.

போன் அடித்தது. என் கணவர். அவர் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறார். அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டார்.

"ஏ, ஒன் அக்கவுண்ட்ல ஏதோ பணத்தப் பிடிச்சு வச்சிருக்கதா மெசேஜ் வந்திருக்கு. இங்கிலீஷ்ல என்னமோ பேரு போட்டிருக்கு. நீ எதுவும் வாங்குனியா?"

வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். சேலை என்று சொல்லியிருக்கலாம். "இல்லீங்க" என்றேன்.

"அப்ப எவனோ ஆட்டயப் போடப் பாக்குறான். நீ பதறாத. நம்ம கடைக்கு வார ஒருத்தருக்கு இப்படித்தான் மொத்தமும் போச்சு. நான் பேங்குக்குப் போறேன்."

போக வேண்டாம் என்று சொல்வதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. அவர் போனார். செத்த நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். அந்தப் பணத்தை விடுவித்து, கார்டையும் கணக்கையும் முடக்கிவிட்டார்களாம். "ஒத்தப் பைசா போகல" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். பள்ளி விட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். பெண் டாக்டர், நிதானமாகப் பேசினார்.

"கடைசியா எப்ப ஃபிட்ஸ் வந்துச்சும்மா?"

"காலேஜ் சேர்றதுக்கு முந்தி."

"சத்தமாச் சொல்லுங்க, கேக்கல."

வாட்ச்மேன் அந்தப் பக்கம் போகும்வரை நின்றுவிட்டுச் சொன்னேன். சீட்டு எழுதுகிறேன் என்றவர், போனை வைக்கும் முன் ஒன்று சொன்னார்: "ஒரு வேளைகூட விடக் கூடாது. திடீர்னு நிறுத்துனா திரும்ப வரும், புரியுதா?"

சீட்டு போனுக்கு வந்தது. அதன் பின்னாலேயே, பணம் எடுக்க முடியவில்லை, ஆர்டர் ரத்து என்றும் வந்தது. சீட்டு கையில் இருந்தும், வீட்டில் காரணம் சொல்லாமல் வெளியூர்க் கடைக்குப் போய்வர என்னால் முடியாது.

பழைய மாத்திரை அட்டையில் இருந்தது கொஞ்சம்தான். ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டுக் காலையில் மட்டும் போட்டு இழுத்தேன். அதுவும் தீர்ந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த பயத்தை எப்படிச் சொல்வது? கை லேசாக மரத்தாலும் அதுதானோ என்று நினைப்பேன். அடுப்பின் முன்னால் நிற்கும்போது ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொள்வேன். குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் சாத்தினேன். மகளைக் குளிப்பாட்டக்கூடப் பயம்.

மகள் ஒன்றாம் வகுப்பு. என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு என்னோடுதான் பள்ளிக்கு வருவாள். மாத்திரை இல்லாத முதல் காலையில் அவள் யூனிபார்ம் போட்டு, பையை மாட்டி, ஏறி நின்றுவிட்டாள். நான் சாவியைப் போட்டேன். திருக முடியவில்லை. ரவுண்டு ரோடு, டவுன் பஸ், பின்னால் வரும் லாரி எல்லாம் கண்ணுக்குள் வந்தன. அப்படியே நின்றேன்.

என் கணவர் வாசலுக்கு வந்தார். "என்ன, வண்டி கெளம்பலியா?"

"நான் ஓட்ட மாட்டேன்."

"ஏன்? பங்ச்சரா?"

"எனக்கு வலிப்பு இருக்குங்க. மாத்திரை தீந்துபோச்சு. அன்னைக்கு பேங்க் மெசேஜ் வந்தது நான் போட்ட ஆர்டருக்குத்தான். மாத்திரைக்கு."

அவர் முதலில் மகளைத் தூக்கிக் கீழே இறக்கினார். அவளைத் தன் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா இந்தப் புள்ளைய நிக்க வச்சுக்கிட்டா ஓட்டுன?"

மாத்திரை போட்டால் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் மகளைத் தன் பைக்கில் உட்காரவைத்துக் கொண்டு போய்விட்டார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நேராகத் தன் அம்மா வீட்டுக்குப் போவார், சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டு ஆட்களும் கூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். வலிப்பு வந்தால் வரட்டும், இப்போதே வந்துவிடட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அவர் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்தாமலே, "சீட்டு இருக்கா?" என்றார்.

ஆர்டர்தான் ரத்தாகியிருந்தது, டாக்டர் எழுதிய சீட்டு போனில் அப்படியே இருந்தது. அதை அவருக்கு அனுப்பினேன். டவுனில் வாங்காமல், தாடிக்கொம்பு வரை போய் வாங்கி வந்தார். சமையல் மேடையில் மாத்திரையை வைத்தார், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்குப் போனார். அதன்பின் நாலைந்து நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டதும் மாத்திரை டப்பா பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான். தன் அம்மாவிடம் சொன்னாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை டாக்டர் பேசும் நேரத்தில் என் கணவர் வீட்டில் இருந்தார். கூப்பிடாமலே வந்து என் அருகில் உட்கார்ந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்டேன். ஒழுங்காக மாத்திரை போட்டுக் கொஞ்ச காலம் போகட்டும், நேரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். பேச்சு முடியும் நேரத்தில் என் கணவர் போனின் பக்கம் குனிந்தார்.

"டாக்டர், ஒருவேளை வந்துச்சுன்னா நான் என்ன செய்யணும்? கையில இரும்பு குடுக்கணும்ங்கிறாங்களே?"

"இரும்பெல்லாம் வேணாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதுவும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"எந்தப் பக்கமா ஒருக்களிக்கணும்?"

அவர் குரல் நடுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. டாக்டர் பொறுமையாக மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் "ம், ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டு, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.