பதினான்காம் தீர்மானமும் ஆர்லீன் பிக்ஃபோர்டும்

ஆர்லீனை ஓர் இடத்தில் உட்காரவைப்பது யாராலும் ஆகாது. எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை இருபது வருடமாக ஓட்டுகிறாள். ஓட்டும்போது மட்டும்தான் உட்காருவாள். என் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வந்தாலும் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே அலைய வேண்டும்.

அவள் மகன் மெரில் நகரத்துக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஊர்ப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே இன்னொரு பையனோடு குடித்தனம் நடத்துகிறான். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அவன் போன மறுவருடமே ஆர்லீன் நூலகக் குழுத் தேர்தலில் நின்று ஜெயித்தாள். புத்தகமே தொடாதவளுக்கு இது எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் மரஅறுப்பு மில் வைத்திருக்கும் டுவைட் கோலார் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊராட்சி மன்றத்துக்குப் போனான். இரண்டு பையன்கள் காதலிக்கிற கதை. நூலகத்தில் இது இருக்கக்கூடாது, எடுங்கள் என்றான். மன்றத்தார் மென்று முழுங்கினார்கள். அதற்குப் பதிலடியாகத்தான் நூலகக் குழு, ஊரார் எல்லாரும் கூடி வாக்களிக்கும் மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குப் பதினான்காம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. மன்றமோ ஊர்க்கூட்டமோ எந்தப் புத்தகத்தையும் எடுக்கச் சொல்ல முடியாது. ஆட்சேபம் உள்ளவர் முழுதாகப் படித்துவிட்டு நூலகக் குழுவுக்கு எழுதித் தரலாம். முடிவாகும்வரை புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். நிறைவேறினால் அது ஊர்ச் சட்டம்.

கூட்டம் பள்ளி விளையாட்டரங்கில் நடந்தது. டுவைட் எழுந்து நேராக ஆர்லீனைப் பார்த்தே பேசினான்.

"உன் பையன் அதைப் படிச்சுதான் அப்படிப் போனான். இப்ப எங்க வீட்டுப் பிள்ளைகளும் போகணுமா?"

தலைவர் சுத்தியலைத் தட்டினார். ஆர்லீன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். கை தூக்கச் சொன்னார்கள். தீர்மானம் ஜெயித்தது.

கைதட்டிவிட்டு எங்கள் ஆட்கள் எல்லாரும் தேவாலயக் கூடத்துக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ், பன்றித் தொடைக்கறி, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை. கூட்டம் அதற்காக நிற்காது, பனி உருகச் சாலைக்கு உப்புப் போடும் செலவு என்று அதுபாட்டுக்கு ஓடும்.

"வாடி, பீன்ஸ் தீர்ந்துடும்" என்றேன் ஆர்லீனிடம்.

"நீ போ. எனக்கு இறங்காது. எதையோ விட்டுட்டோம்டி."

"ஜெயிச்சாச்சு. இன்னும் என்ன?"

அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் இருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். டுவைட்டின் ஆட்கள் ஒருவர்கூட எழவில்லை. வீட்டிலிருந்தே ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஆர்லீன் என் கையைப் பிடித்தாள். "மறுபரிசீலனைக்குத் தடை போடாம விட்டுட்டோம்."

ஜெயித்த கையோடு அந்தத் தடையைக் கேட்டு வாங்காவிட்டால் அதே கூட்டத்தில் யாரும் தீர்மானத்தை மறுபடி வாக்குக்கு விடலாம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சந்தோஷத்தில் மறந்து தொலைத்தோம். டுவைட் எழுந்துவிட்டான்.

"பதினாலாம் தீர்மானத்தை மறுபடி எடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

விதிப்படி அது செல்லும். எங்கள் ஆட்கள் சாப்பிடப் போயிருக்கும்போதே கை தூக்கினால் எங்கள் கதை முடிந்தது. ஆனால் ஐந்து பேர் எழுதிக் கேட்டால் சீட்டு வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். வரிசையில் நின்று போட நேரம் பிடிக்கும். ஆர்லீன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். நான் போட்டேன். வாசலில் பெயர் சரிபார்க்கும் இரண்டு பெண்கள் போட்டார்கள். ஐந்தாவதுக்கு ஆளில்லை. அவள் நேராக டுவைட் பக்கத்து வரிசையில் இருந்த எவரெட் டாமிடம் போய் நீட்டினாள்.

"உனக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன், தெரியுமில்ல?" என்றார் அவர்.

"தெரியும். கையெழுத்துதான் கேக்கறேன்."

"சாப்பிடப் போனவன் முதுகுல குத்தறது எனக்குப் பிடிக்கல. குடு இங்க."

அவர் போட்ட அடுத்த நிமிஷம் ஆர்லீன் வெளியே ஓடினாள். மஞ்சள் பேருந்து தேவாலயத்தின் முன் நின்று ஹாரன் அடித்தது அரங்குவரை கேட்டது. கழுத்தில் கைக்குட்டையோடு, வாயில் ஆப்பிள் பைத் துண்டோடு ஊரே திமுதிமுவென்று வந்து இறங்கியது. வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. மறுபரிசீலனை தோற்றது. நானே எழுந்து தடையையும் கேட்டு வாங்கினேன்.

சொல்ல ஓடினேன். அவள் ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தாள்.

"நிலைச்சுடுச்சுடி சட்டம். நீ ஏன் ஓட்டுப் போட வரல?"

"எல்லாரும் முதல்ல போகட்டும்னு இருந்தேன். பெட்டியை மூடிட்டாங்க."

"போகட்டும் விடு. மெரிலுக்குப் போன் போட்டுச் சொல்லு."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே பார்த்தாள்.

"பதினாறு வயசுல அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வந்தான். அதை எடுத்து அடுப்புல போட்டுட்டேன். இப்ப நூலகத்துல இருக்கறது நான் வாங்கி வச்சது."

பேருந்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவனுக்குத் தெரியுமா, நீதான் அடுப்புல போட்டேன்னு?" என்றேன்.

"பக்கத்துலதான் நின்னான். எரிஞ்சு முடியறவரைக்கும் நின்னான்."