கிட்டாருக்குள் இருந்த பித்தளை

மரத்தில் போட்ட ஓட்டையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அண்ணனின் கிட்டாரை மேசையில் துணி விரித்துக் கிடத்தி வைத்துக்கொண்டு அன்று காலை முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பியை முறுக்கிச் சுருதி கூட்டுகிற பழைய டியூனிங் கீகளைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டாயிற்று. புதிய கீகளின் தண்டு தடிமன். தலைப்பக்க ஓட்டைகளை அகலப்படுத்தாமல் உள்ளே போகாது. அளந்தேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தேன். அதே அளவுதான் வந்தது. ஆனாலும் துளைக்கக் கை வரவில்லை.

சிவகாசியில் மைக் செட் ஆம்பிளிபயர் பழுது பார்க்கிற கடை எனக்கு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அதற்கப்புறம் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அண்ணனோடு வேலை பார்த்தேன். பயத்தில் தூக்கம் கெட்டு நான் சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன். அவர் அங்கேயே இருந்து போர்மேன் ஆனார். பகலில் கம்பெனி, சாயங்காலம் கிட்டார். கோயில் கொடைகளுக்குப் போகிற ஒரு கச்சேரிக் குழுவில் வாசித்தார். இருக்கன்குடித் திருவிழாவில் அவர் வாசிக்கும்போது, மேடைக்குக் கீழே வயர் காலில் தட்டிவிடுமோ என்று பார்த்துக்கொண்டு நிற்பது என் வேலை.

ஒரு சீசனில் வெடிமருந்து அறையில் தீப்பிடித்து அவருடைய இடது கை வெந்துபோனது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். விரல்கள் மிஞ்சின. ஆனால் தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டதில் மோதிர விரல் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. கிட்டாரில் கம்பியை அழுத்துகிற கை இடது கைதான். கம்பிகளைக்கூடத் தளர்த்தாமல் கிட்டாரை உறைக்குள் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டோம்.

ரொம்ப நாள் கழித்து அவரே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இந்தக் கைக்குத் தக்கபடி இதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மாற்றலாம் என்றேன். மெல்லிய கம்பி போடலாம், கம்பிகள் உட்கார்ந்திருக்கிற பிரிட்ஜைத் தாழ்த்தி அவற்றைக் கட்டைக்கு நெருக்கமாகக் கொண்டுவரலாம், அழுத்துவது சுலபமாகும். பழைய கீகள் இறுகிக் கிடந்தன, அவர் விரலால் திருக முடியவில்லை. இப்போது வருகிற கீகளில் கம்பியைச் சுற்றவே வேண்டாம், நுழைத்துப் பூட்டினால் போதும். அவர் மதுரையில் பழையதாக வாங்கிய கிட்டார் அது. அதன் சத்தமே அந்தப் பழைய சாமான்களில்தான் இருக்கிறது என்று நம்புகிறவர். வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.

ஒருவழியாக ஓட்டைகளை அகலப்படுத்தினேன். எல்லாம் மாட்டி முடித்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது மதினி வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, தலையில இம்புட்டு நகை போட்டுக் கூட்டிட்டு வாரீக. கல்யாணமா அதுக்கு?"

அண்ணன் வாசித்தார். பிரிட்ஜில் இருக்கிற கைப்பிடியை அழுத்தி விட்டால் ஸ்வரம் தாழ்ந்து மேலே வரும், அவருக்கு அது பிடித்த வித்தை. ஒரு தடவை அழுத்தி விட்டுப் பார்த்தார். திரும்பி வந்த ஸ்வரம் பழைய இடத்தில் இல்லை. சுருதி கூட்டினார். மறுபடி இறங்கியது. அடுத்த நாளும் அப்படியே. நான் கீகளைச் சந்தேகப்பட்டேன், கம்பியைச் சந்தேகப்பட்டேன், நான் துளைத்த ஓட்டையை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டேன். எதையும் அவரிடம் சொல்லும் முன்னே அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

"கிட்டார நோண்டாதலே. என் கை எங்கன அழுத்துதுன்னு எனக்கே தெரியல. காதும் போச்சு போல. யாரும் கேட்டா குடுத்துரு."

கிட்டார் மறுபடி என் கடைக்கு வந்தது. விருதுநகரிலிருந்து ஒருவர் அதை விலைக்குப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அன்று காலை கடையைத் திறந்ததும் எனக்கு வழக்கமான கவலை பிடித்துக்கொண்டது. வருகிறவர் என்ன குறை கண்டுபிடிப்பாரோ. அதனால்தான் அதுவரை தொடாத பின்பக்கத் தட்டைக் கழற்றினேன்.

இந்த வகைக் கிட்டாரில் கம்பிகள் பிரிட்ஜை ஒரு பக்கம் இழுக்கும், வயிற்றுக்குள் இருக்கிற ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாக நின்றால்தான் சுருதி நிற்கும். அந்த ஸ்பிரிங்குகளின் முழு பாரத்தையும் தாங்குவது மரத்தில் இறங்கியிருக்கிற இரண்டு நீளமான ஸ்க்ரூக்கள். அவை இரும்பாக இருக்க வேண்டும். இங்கே மஞ்சளாக மின்னின. பித்தளை. பாரம் தாங்காமல் இரண்டும் வளைந்து, மரை மழுங்கி, விரலால் தொட்டாலே அசைந்தன.

யார் போட்டது என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் கம்பெனியில் வெடிமருந்து புழங்குகிற இடத்தில் இரும்பைக் காட்டக்கூடாது, உரசினால் பொறி பறக்கும். சுத்தியல் பித்தளை, கதவுக் கீல் பித்தளை. உள்ளே நுழையும் முன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்ட்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். நானே இன்றைக்கும் ஷட்டரைத் தொட்டுவிட்டுத்தான் கடைக்குள் போகிறேன்.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். வந்து பார்த்தார். நிறைய நேரம் குனிந்தே இருந்தார். தீவிபத்துக்கு முந்தின வருஷம் பழைய ஸ்க்ரூ துருப்பிடித்துப் போனதென்று அவர்தான் மாற்றியிருந்தார்.

"இரும்பு கிடைக்கலையாண்ணே?"

"கடையில ரெண்டும் இருந்துச்சு. கை பித்தளையத்தான் எடுத்துச்சு."

"கிட்டாருக்குள்ள மருந்தா இருக்கு?"

சிரித்தார். சிரித்து முடித்ததும் வெந்த கையை மடியில் வைத்து மற்ற கையால் மூடிக்கொண்டார். கிட்டாருக்குக்கூட இரும்பு போடாத மனுஷன். அவ்வளவு கவனமாக இருந்தும் தீ வந்தது.

மரை மழுங்கிய துளைகளை மரக்குச்சி வைத்து அடைத்து, இரும்பு ஸ்க்ரூ இறக்கி, சுருதி கூட்டிக் கொடுத்தேன். கைப்பிடியை அழுத்தினார். ஸ்வரம் இறங்கியது, ஏறியது, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. மறுபடி அழுத்தினார். நின்றது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதுவரை தப்பு வந்தால் கிட்டாரைச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு மறைவிடம் வைத்திருந்தேன். இனி அது கிடையாது. அவர் ஒரு பழைய பாட்டின் முதல் வரியை எடுத்தார். மோதிர விரல் போக வேண்டிய இடத்தில் பிசகியது. திரும்ப எடுத்தார், திரும்பப் பிசகியது. நான் கவலையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஸ்வரத்துக்குச் சுண்டு விரலை வைத்தார். மெதுவாக, தடவித் தடவி, வரி முடிந்தது.

"எது கையோட தப்பு, எது கிட்டாரோட தப்புன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். "விருதுநகர்க்காரர வர வேண்டாம்னு சொல்லிருலே."

சொன்னேன். போனை வைப்பதற்குள் அண்ணன் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து பழைய கீகளை எடுத்து வைத்திருந்தார். இதை எதற்குக் கழற்றினாய், இது என்ன பாவம் பண்ணியது என்று கேட்டார்.

"உங்களால திருக முடியாதுண்ணே. கம்பி மாத்தணும்னா என்ன செய்வீக?"

"ஏன், நீ வந்து மாத்த மாட்டியா?"

பழைய கீகளுக்கு எண்ணெய் விட்டேன். அகலப்படுத்திய ஓட்டைகளில் அவை ஆடின. லேத் பட்டறையில் சின்னச் சின்னப் பித்தளை வளையங்கள் கடைந்து வாங்கி வந்து, அவற்றை ஓட்டைகளில் இறுக்கி, கீகளை மாட்டினேன். அங்கே இழுப்பு அதிகமில்லை. பித்தளை தாங்கும்.

புதிய கீகள் இப்போது பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. கம்பி அறுந்தால் கூப்பிடுகிறார். கொஞ்ச நாள் கூப்பிடாவிட்டால், வாசிப்பதையே விட்டுவிட்டாரோ என்று கவலை வந்துவிடுகிறது. ஒரு செட் கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானே போய்விடுகிறேன்.