ஜூன் பன்னிரண்டும் பூட்டிய கதவும்

லிண்டால்வாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பிரேசிலின் ரெசிஃபெ நகரப் பேருந்து நிலையத்தில் இருபது வருடமாகத் தப்பியோக்கா என்ற மரவள்ளி தோசை சுட்டு விற்கிறாள். மரவள்ளி மாவு மூட்டையை மோந்து பார்க்காமல் இன்றுவரை வாங்கியதில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய புருஷன் தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான்; திரும்பவே இல்லை.

இப்போது ஜோசிமார் என்ற பேருந்து ஓட்டுநர். பதினான்கு மாதமாக இருவரும் 'ஃபிகார்'. தங்குவது என்று அர்த்தம், தங்கத்தான் மாட்டார்கள். சேர்ந்து ஆடலாம், முத்தமிடலாம். சொந்தம் கொண்டாடக் கூடாது. எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்க வேண்டுமானால் 'நமொரார்' என்ற அடுத்த வினைச்சொல்லுக்கு ஏற வேண்டும். நாம் காதலர்கள் என்று வாய்விட்டு ஒப்புக்கொள்வது அது. அவன் வாயிலிருந்து அது வராதா என்று லிண்டால்வா உள்ளுக்குள் தவித்தாள். தானாகக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

ஜூன் பன்னிரண்டு அங்கே காதலர் தினம். பரிசு கொடுத்தால் மாட்டிக்கொண்ட மாதிரி. அதனால் 'ஃபிகார்' ஆட்கள் மாதம் பிறந்ததுமே தலைமறைவாகிவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் வரும் ஜோசிமார் அந்த மாதம் முதல் சனிக்கிழமை வரவில்லை.

"பதிமூணாந்தேதி பாருக்கா, இளிச்சுக்கிட்டு வந்து நிப்பான்" என்றாள் பக்கத்தில் இளநீர் விற்கும் சுலெய்ஜி.

"வேற எவளோ இருக்கா. பரிசு அவளுக்குப் போகுது."

பன்னிரண்டாம் தேதி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கச் சகிக்காமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்துக் கடைக்கு ஜோசிமார் வந்தான். சிரிப்பில்லை. கையில் மழையில் ஊறிய அட்டைப்பெட்டி.

"ஒரு வாரமா யோசிச்சு, வெக்கத்தை விட்டுட்டு வந்தேன். சாயங்காலம் பூரா உன் வாசல்ல நனைஞ்சேன். நேத்து எங்க இருந்த?"

"அவ வேணாம்னுட்டாளா?"

"எவ?"

"உனக்குத் தெரியாதாக்கும்! எங்க இருந்தன்னு கேக்க நீ யாரு?"

"அதுவும் சரிதான். நான் யாரு?" பெட்டியை வைத்துவிட்டு நடந்தான்.

"அக்கா, உன் பேருதான் எழுதியிருக்கு" என்றாள் சுலெய்ஜி.

மை கரைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. லிண்டால்வா அவன் பின்னால் மாவுக் கையோடு ஓடினாள். பேருந்து ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"தங்கச்சி வீட்ல இருந்தேன்!" என்று கத்தினாள். "அழுதுக்கிட்டு இருந்தேன்! வேணும்னா அவளுக்கு போன் போட்டுக் கேளு! நம்பு ஜோசி, என்னை நம்பு!"